வெந்நீர் வந்த இரண்டு வழிகள்

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டி, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் கடந்தால் ஊரப்பாக்கம். அங்கே ஏதாவது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறிச் சுற்றிலும் பார்த்தால், வெந்நீருக்காக ஒவ்வொரு வீடும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். எல்லா மாடிகளிலும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. சில தனி வீடுகளில் அதற்குக் கீழே சாய்வாக அடுக்கிய கண்ணாடிக் குழாய்கள், அவற்றின் தலைமாட்டில் உருளையாக ஒரு தொட்டி. புதிதாகக் கட்டிய சில வீடுகளின் யூட்டிலிட்டி பால்கனியில் இன்னொன்று நிற்கிறது: ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தொட்டி, அதன் உச்சியில் ஒரு மின்விசிறி.

வீடு கட்டுகிறவர்களை இப்போது வாட்டும் கேள்விகளில் இதுவும் ஒன்று: மாடியில் இருக்கும் சோலாரா, பால்கனியில் நிற்கும் ஹீட் பம்பா? பிளம்பர் ஒன்றைச் சொல்வார், எலக்ட்ரீஷியன் மற்றதைச் சொல்வார், பெங்களூரில் இருக்கும் மைத்துனர் இரண்டிலும் குறை சொல்வார். இரண்டுமே நேற்று வந்த சரக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒன்றின் மூதாதை 1767-ல் ஜெனீவாவில் பிறந்தது. மற்றதன் மூதாதை 1874-லேயே மதராஸுக்கு வந்துவிட்டது. இரண்டின் கதையும் வழியில் பலமுறை குறுக்கிட்டிருக்கிறது. இவற்றின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்தவை பெரும்பாலும் இயந்திரத்துக்கு வெளியே இருந்தன: விறகு விலை, செம்புத் தட்டுப்பாடு, பூமிக்கடியில் கிடைத்த எரிவாயு, இரவில் விழுந்த உறைபனி.

ஜெனீவாவில் இருந்தவர் ஹொராஸ் பெனடிக்ட் டி சொசூர். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறி இறங்கியே வாழ்நாளைக் கழித்த இயற்கை ஆய்வாளர். கண்ணாடிக்குப் பின்னால் வெயில் பட்டால் சூடு அதிகமாகிறது என்பது அன்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி வைத்த குதிரை வண்டியில் பயணம் செய்தவர்கள் வியர்த்துக்கொண்டே அதை அறிந்திருந்தார்கள். எவ்வளவு சூடு என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டவர் சொசூர். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கண்ணாடிப் பெட்டிகளைக் கவிழ்த்து, கறுப்பு மேசையில் வைத்து வெயிலில் காட்டினார். உள்ளே 87 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பிறகு கறுப்புத் தக்கை பதித்த மரப்பெட்டிக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி மூடி போட்டார். 109 டிகிரி! தண்ணீர் கொதிப்பதற்கு வேண்டியதைவிட அதிகம். பெட்டியை மலை உச்சிக்கும் தூக்கிப்போய்ப் பார்த்தார். வெளியே குளிர் நடுக்கினாலும் உள்ளே சூடு ஏறக்குறைய அதேதான். இதனால் என்ன பயன் என்பதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டார்.

முதலில் பயன்படுத்தியவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். 1834 முதல் 1838 வரை ஆப்பிரிக்காவின் தென்கோடியை ஒட்டிய நன்னம்பிக்கை முனையில் தங்கித் தெற்கு வானத்து விண்மீன்களைக் கணக்கெடுத்தவர், பகலில் சொசூர் பெட்டியை மணலில் புதைத்து முட்டையும் இறைச்சியும் வேகவைத்துச் சுற்றி நின்றவர்களுக்குக் கொடுத்தார். அதே காலத்தில், 1835-ல், அந்த முனையின் வானாய்வகத்துக்கு உதவியாளராக வந்து சேர்ந்தான் பதினாறு வயதுப் பையன் ஒருவன். பெயர் சார்லஸ் பியாஸி ஸ்மித். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சமைத்த ஊரில் வளர்ந்த இந்தப் பையன் பின்னாளில் செய்த யோசனை, நம் பால்கனி இயந்திரத்தின் கதையில் வரப்போகிறது.

அடுத்த நிறுத்தம் பம்பாய். அங்கே உயர் நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், வழக்குக் கட்டுகளுக்கு நடுவே வெயிலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். இந்தியாவில் விறகும் நிலக்கரியும் விலை உயர்ந்தவை, வெயிலோ இலவசம்; இந்த முரண் அவரை விடவில்லை. பிரான்ஸில் ஆகஸ்டின் மூஷோ என்ற ஆசிரியர் வளைந்த உலோகக் கண்ணாடியால் நீராவி உண்டாக்கிக் காட்டியிருந்தார். ஆடம்ஸ் அதைப் பார்த்துப் பின்பற்றி, விலையும் குறைத்தார். வளைந்த கண்ணாடிக்குப் பதில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடிகளை அரைவட்டச் சட்டத்தில் வரிசையாகப் பதித்து, கொலாபாவில் தன் வீட்டு வளாகத்தில் நீராவி எந்திரத்தையே ஓட்டினார். எண்கோண வடிவில் ஒரு சமையல் பெட்டியும் செய்தார். 1878-ல் வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்று சூரிய வெப்பமே என்று ஒரு புத்தகம் எழுதினார். வழக்கம்போல் எல்லோரும் பாராட்டினார்கள், யாரும் வாங்கவில்லை.

வாங்க வைத்தவர் அமெரிக்கர். பால்டிமோர் நகரில் வீட்டுச் சூடேற்றி வியாபாரம் செய்துவந்த கிளாரன்ஸ் கெம்ப். அமெரிக்கப் பண்ணை வீடுகளில் தண்ணீர்த் தொட்டிக்குக் கறுப்புச் சாயம் அடித்து வெயிலில் வைப்பது ஏற்கெனவே வழக்கம். சித்திரை மாதத்து மதியம் ஊரப்பாக்கத்தில் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. வெயில் சாய்ந்ததும் தொட்டி ஆறிவிடும் என்பதுதான் குறை. கெம்ப் அந்தக் கறுப்புத் தொட்டிகளைச் சொசூரின் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மூடி, 1891-ல் காப்புரிமை வாங்கி, ‘கிளைமாக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். கோடை விடுமுறைக்கு மனைவியும் வேலையாட்களும் ஊருக்குப் போய்விட்டதால் தாமே அடுப்பு மூட்ட வேண்டிய கணவன்மார்களைக் குறிவைத்து விளம்பரமும் செய்தார்! வெயிலும் விலை உயர்ந்த நிலக்கரியும் சேர்ந்த கலிபோர்னியாவில் அது பிய்த்துக்கொண்டு போயிற்று. 25 டாலர் போட்டால் ஆண்டுக்கு 9 டாலர் நிலக்கரிச் செலவு மிச்சம். 1897 வாக்கில் பாசடீனா நகரில் மூன்றில் ஒரு வீட்டுக்குச் சற்றுக் குறைவாக இந்தக் கருவி ஏறியிருந்தது.

ஆனாலும் கிளைமாக்ஸ் வாங்கியவர்களுக்குத் தீபாவளி கொண்டாடத் தெரிந்திருந்தால் கெம்ப் மாட்டிக்கொண்டிருப்பார். கங்கா ஸ்நானத்துக்கு வெந்நீர் வேண்டியது விடிவதற்கு முன்பு. கிளைமாக்ஸ் வெந்நீர் தருவதோ மத்தியானத்துக்குப் பிறகு, இருட்டும்வரை. சூடாகும் இடத்திலேயே தண்ணீரைச் சேர்த்தும் வைத்ததால் இரவில் கண்ணாடி வழியாகவே சூடு வெளியேறிவிடும். 1909-ல் வில்லியம் பெய்லி என்ற பொறியாளர் அந்த இரண்டையும் பிரித்தார். கீழே கறுப்புத் தகட்டில் மெல்லிய செம்புக் குழாய்கள். மேலே வெப்பம் கசியாதபடி போர்த்திய தொட்டி. சூடான தண்ணீர் எடை குறைந்து தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. பகலில் சூடாகி இரவிலும் கிடைப்பதால் நிறுவனத்துக்கு ‘டே அண்ட் நைட்’ என்றே பெயர் வைத்தார். கெம்பின் கருவி அதோடு படுத்துவிட்டது. ஊரப்பாக்கத்து மாடியில் தொட்டி மேலேயும் குழாய்கள் கீழேயும் இருப்பதற்குப் பின்னால் உள்ள ஏற்பாடு பெய்லியுடையதுதான்.

1913-ல் கலிபோர்னியாவில் வழக்கத்துக்கு மாறாக ஓர் உறைபனி இரவு வந்தது. குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து, விரிந்து, செம்பு வெடித்தது. வீடு வீடாகப் புகார். பெய்லி அசரவில்லை: குழாயில் உறையாத சாராயக் கலவையை ஓடவிட்டு, அது தொட்டிக்குள் ஒரு சுருளின் வழியாகத் தண்ணீரைச் சூடாக்கும்படி மாற்றினார். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களுக்கு இன்று நம் கடைக்காரர்கள் விற்கும் ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாடல்’ இதே யோசனைதான். பனியை வென்ற பெய்லியால் பூமியை வெல்ல முடியவில்லை. 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுவட்டாரத்தில் இயற்கை எரிவாயு ஏராளமாகக் கிடைத்தது, மலிவாக வீட்டுக்கு வந்தது. பெய்லி வருந்திக்கொண்டு உட்காரவில்லை. கேஸ் ஹீட்டர் செய்து விற்க ஆரம்பித்து அதிலும் பெரிய ஆளானார்.

சூரியக் கருவி ரயிலேறி நாட்டின் மறுகோடிக்குப் போயிற்று. 1923-ல் கட்டட வியாபாரி ஒருவர் பெய்லியின் உரிமையை ஃபுளோரிடா மாநிலத்துக்கு வாங்கினார். எரிவாயு இல்லாத, மின்சாரம் விலை உயர்ந்த மயாமி நகரில் 1941-க்குள் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் வெயிலில் குளித்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டே போருக்கு வேண்டும் என்று அமெரிக்க அரசு செம்பைக் கட்டுப்படுத்தியது. செம்பு திரும்பக் கிடைத்தபோது மின்சாரம் மலிந்திருந்தது. கதை அங்கேயும் முடிந்தது.

இப்போது அதே ஃபுளோரிடாவில் நின்றுகொண்டு நூறு ஆண்டு பின்னால் போவோம், பால்கனி இயந்திரத்தைத் தேடி. ஆனால் முதலில் மெரினாவுக்கு. கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லமாக இப்போது இருக்கும் வட்டக் கட்டடத்தைப் பழைய சென்னைவாசிகள் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி உலகமெங்கும் விற்றார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல். நான்கு மாதம் மிதந்து வந்த பின்னும் பாதிக்கு மேல் கரையாமல் இருந்தது. மதராஸின் பனிக் கிடங்கு 1842-ல் எழுந்தது. வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த தோரோ, தன் குளத்துப் பனியை டியூடரின் ஆட்கள் வெட்டிப் போவதைப் பார்த்து, அது மதராஸ்காரர்களின் தாகத்தைத் தீர்க்கப் போகிறது என்று தன் நூலில் வியந்திருக்கிறார்.

டியூடரின் சாம்ராஜ்யத்துக்கு முதல் அபாயமணி அடித்தவர் ஃபுளோரிடாவில் ஒரு டாக்டர். அபலாச்சிகோலா துறைமுகத்தில் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க, காற்றை அழுத்தி விரியவிட்டுப் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார் ஜான் கோரி. 1851-ல் காப்புரிமையும் கிடைத்தது. முதல் போட்டவர் இறந்துவிட, பத்திரிகைகள் கேலி செய்ய, இதற்கெல்லாம் பின்னால் டியூடர் இருக்கிறார் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே 1855-ல் கோரி காலமானார். இயந்திரம் சாகவில்லை. அதற்கு முன்பே, 1834-ல், லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் வேறொரு முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்: எளிதில் ஆவியாகும் திரவத்தை ஆவியாக்கி, அழுத்தி, மறுபடி திரவமாக்கிச் சுற்றவிடுவது. பலர் கைபட்டு அந்த வகை இயந்திரங்கள் தேறின. 1874-ல் மதராஸில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி நீராவியின் உதவியால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியது. பாஸ்டன் கப்பல்களுக்கு வேலை போயிற்று. ஐஸ் ஹவுஸ் கைமாறி வீடானது.

பனிக்கட்டிக்கும் வெந்நீருக்கும் என்ன தொடர்பு? பிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே இருந்து பிடுங்கிய வெப்பத்தை அது வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டு மோட்டார், கீழே சம்ப்பில் இருக்கும் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அது தண்ணீரை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. ஹீட் பம்ப் வெப்பத்துக்கு அதைச் செய்கிறது. குளிர்ந்த திரவம் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கி ஆவியாகும். கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தும்போது அது இன்னும் சூடேறும். தொட்டியைச் சுற்றிய சுருளில் அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகும். மின்சாரம் செலவாவது ஏற்றுவதற்கு மட்டும். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது. வெளிக்காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக வேலை நடக்கும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

இந்த யோசனையின் வேரில்தான் பியாஸி ஸ்மித் வருகிறார். பையன் வளர்ந்து ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் ஆகியிருந்தார். வெப்ப நாடுகளில் வேலை பார்க்கும் ஆங்கிலேயர்களின் அறைகளைக் குளிர்விக்க, காற்றை அழுத்தி, ஆறவிட்டு, விரியவைத்து உள்ளே அனுப்பலாம் என்று 1850 வாக்கில் அவர் எழுதினார். கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்து கெல்வின் பிரபு, 1852-ல் அதைத் திருப்பிப் போட்டார்: அறையைக் குளிர்விக்கும் இயந்திரத்தாலேயே அறையைச் சூடாக்கலாம், நேரடியாக எரிபொருளை எரிப்பதைவிடச் சிக்கனமாக. வெப்ப நாட்டு வெக்கையைத் தணிக்கக் கிளம்பிய யோசனை ஸ்காட்லாந்துக் குளிருக்கு மருந்தானது. ஆனால் நிலக்கரி கொட்டிக் கிடந்த பிரிட்டனில் அதைக் கட்டிப் பார்க்க ஆளில்லை. சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் எபென்ஸே உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் என்பவர், உப்பு நீரைக் காய்ச்சும்போது எழும் ஆவியையே அழுத்திச் சூடேற்றி மறுபடி காய்ச்சப் பயன்படுத்தும் இயந்திரத்தைச் சோதித்தார். விறகுச் செலவைக் குறைக்க அந்த ஏற்பாடு. மரக்காணத்து உப்பளங்களில் அந்த வேலையை வெயில் சும்மா செய்துகொடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு எழுபது எண்பது ஆண்டுகள் பிரிட்ஜும் ஏசியும்தான் வளர்ந்தன. சூடேற்றும் முகம் மறந்துபோயிற்று. 1920களின் இறுதியில் பிரிட்டனின் மின் பொறியாளர் ஹால்டேன், வீட்டின் வெந்நீருக்கும் கணப்புக்கும் ஹீட் பம்பைப் பயன்படுத்திப் பார்த்து அளவுகளை வெளியிட்டார். நிலக்கரி இல்லாத சுவிட்சர்லாந்து அதைப் பிடித்துக்கொண்டது. ஜூரிக் நகர மன்றக் கட்டடத்தில் 1938-ல் ஓடத் தொடங்கிய ஹீட் பம்ப், பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்றிலிருந்து வெப்பத்தை எடுத்தது. 2001 வரை வேலை செய்தது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ராபர்ட் வெபர் என்பவர் 1940களின் இறுதியில் டீப் ஃபிரீசரை நோண்டிக்கொண்டிருந்தபோது சூடான குழாயில் கையைச் சுட்டுக்கொண்டார் என்றும், இவ்வளவு சூடும் வீணாகிறதே என்று அதைத் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பினார் என்றும் சொல்வார்கள்.

சூரியக் கருவி இதற்கிடையில் பாலைவனத்தில் மறுபிறவி எடுத்திருந்தது. புதிதாகப் பிறந்த இஸ்ரேலில் எரிபொருள் பஞ்சம். இரவில் தண்ணீர் சூடேற்றக்கூடாது என்றே அரசு தடை போட்டிருந்தது. லெவி யிஸ்ஸார் என்ற பொறியாளர் 1953-ல் சூரிய ஹீட்டர் தயாரிக்கத் தொடங்கினார். 1955-ல் ஹாரி டேபர் என்ற இயற்பியலாளர், வெயிலை நன்றாக உறிஞ்சி வெப்பத்தைக் குறைவாகவே வெளிவிடும் கறுப்புப் பூச்சு ஒன்றை அறிவித்தார். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1980-ல் புதுக் குடியிருப்புகளுக்குச் சூரிய ஹீட்டரை இஸ்ரேல் கட்டாயமாக்கியது.

அமெரிக்காவும் அந்த நெருக்கடியில் பழைய நண்பனைத் தேடியது. 1979 ஜூனில் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரிய வெந்நீர்த் தகடுகளைப் பொருத்தித் திறந்துவைத்தார். ரீகன் காலத்தில், 1986-ல், கூரையைப் பழுது பார்த்தபோது கழற்றியவற்றைத் திரும்ப மாட்டவில்லை. அவற்றில் ஒன்று எங்கெங்கோ சுற்றி இன்று சீனாவின் டெஜோ நகரில், ஒரு சூரிய ஹீட்டர் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சீனாவுக்குப் போனதில் பொருத்தம் உண்டு. ஊரப்பாக்கத்து மாடிகளில் இருக்கும் கண்ணாடிக் குழாய்களை உலகச் சரக்காக்கியது அந்த நாடுதான். அந்தக் குழாயோ குளிரைத் தேடியவரின் கண்டுபிடிப்பு. வாயுக்களைக் குளிரவைத்துத் திரவமாக்க முயன்ற ஜேம்ஸ் டியூவர், 1892-ல் லண்டனில், இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை நீக்கிய கண்ணாடிக் குடுவை செய்தார். காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மனியில் அதே குடுவைக்கு உலோக உறை போட்டு ‘தெர்மாஸ்’ என்று விற்றவர்கள் பணம் சம்பாதித்தார்கள்; டியூவர் கோர்ட்டுக்குப் போயும் பயனில்லை. ஆஸ்பத்திரிக்குக் காபி கொண்டுபோகும் நம் பிளாஸ்க் அந்தக் குடும்பம். அதையே நீட்டி, உள்சுவரில் வெயிலை உறிஞ்சும் பூச்சு கொடுத்தால் மாடிக் குழாய். 1980களில் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் யின் ஷிச்சியாங் குழுவினர் அந்தப் பூச்சை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார்கள். நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ய, விலை விழுந்தது. உலகின் சூரிய ஹீட்டர்களில் பெரும்பங்கு சீனக் கூரைகளுக்குப் போனது, மிச்சம் கப்பலேறியது.

இந்தியாவில் ஹோட்டல்களும் மருத்துவமனைகளும் முதலில் தட்டையான செம்புத் தகடுகளைப் பொருத்தின. 1982-ல் மத்திய அரசு மரபுசாரா எரிசக்திக்குத் தனித் துறை அமைத்தது. ஆனால் வீட்டுக்கு வீடு பரவியது பெங்களூரில். காலைக் குளிர், தெளிந்த வெயில், சொந்த மாடி, பக்கத்திலேயே தயாரிப்பாளர்கள், மின்கட்டணத்தில் தள்ளுபடி எல்லாம் அங்கே கூடின. 2007-ல் கர்நாடகம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. 2010-ல் தொடங்கிய தேசியச் சூரிய இயக்கம் 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் வெப்பத் தகடுகள் என்று இலக்கு வைத்து மானியமும் கொடுத்தது. சென்னை சற்று மெத்தனமாகவே இருந்தது. ஆண்டில் எட்டு மாதம் குழாய்த் தண்ணீரே இளஞ்சூடாக வரும் ஊருக்கு அவசரம் இருக்குமா?

ஹீட் பம்ப் ஜப்பான் வழியாகத் திரும்பி வந்தது. பழைய குளிர்விப்பு வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுக்கின்றன என்று 1987-ல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கையெழுத்திட்டதும் மாற்றுத் தேடல் தொடங்கியது. நார்வேயின் குஸ்தாவ் லோரன்ட்சன் கார்பன் டை ஆக்சைடையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். அதை வைத்து 2001-ல் ஜப்பானியர்கள் ‘எகோ கியூட்’ என்ற வெந்நீர் ஹீட் பம்பைச் சந்தைக்கு விட்டார்கள். இரவு நேர மலிவு மின்சாரத்தில் தண்ணீர் சூடேறி, மாலைக் குளியலுக்குக் காத்திருக்கும். அதிலிருந்து ஏசி செய்தவர்கள் எல்லோரும் இதையும் செய்யத் தொடங்க, ஆள் உயர வெள்ளைத் தொட்டி நம் பால்கனி வரை வந்து சேர்ந்தது.

சரி, ஊரப்பாக்கத்தில் எது? கணக்கைப் போடுவோம். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் வேண்டும். நான்கு பேருக்கு 200 லிட்டர் என்றால் சாதாரண கீசருக்கு நாளுக்கு 6 யூனிட், இரண்டு மாத பில்லில் 360. ஹீட் பம்புக்கு 120 போதும். முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்ற தமிழ்நாட்டுக் கணக்கில் அந்த 240 யூனிட் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. சோலாருக்கு வெயில் நாளில் பூஜ்யம்.

வெயில் இல்லாத நாள் எது என்பதில்தான் சிக்கல். இங்கே வெந்நீர் வேண்டியது ஐப்பசி முதல் தை வரை. வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிக்கொள்வதும் அதில் பாதி நாட்கள். அப்போது சோலார் தொட்டிக்குள் இருக்கும் மின்சுருள்தான் கைகொடுக்கும், கீசர் செலவில். ஹீட் பம்புக்கு மழை பொருட்டில்லை. ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது நடந்ததுபோல மின்சாரம் நாள்கணக்கில் போனால் அது வெறும் தொட்டி. சோலார் அடுத்த வெயிலுக்கே வேலையைத் தொடங்கிவிடும், தென்னை மட்டை விழுந்து குழாய் உடையாமல் இருந்தால்.

அடுத்தது தண்ணீர். போர்வெல் உப்பு சூட்டில் சுண்ணாம்பாகப் படியும். மெல்லிய செம்புக் குழாய்கள் அதில் அடைபட்டுப்போகும். கண்ணாடிக் குழாயைக் கழற்றித் துடைக்கலாம். ஹீட் பம்பில் வெப்பச் சுருள் பெரும்பாலும் தொட்டிக்கு வெளியே இருப்பதால் சுருளில் உப்பு ஒட்டாது, தொட்டியின் அடியில்தான் தங்கும். அரிப்பைத் தாங்கும் கம்பியை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

கடைசியில் வருவது மாடி. தனி வீட்டுக்காரருக்கு வெயில் சொந்தம். அடுக்ககத்தில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது; ஒருவர் குழாய் வைத்தால் மற்றவர் துணி காயப்போட இடம் கேட்பார். தரைத்தளத்துக்கு வெந்நீர் இறங்கி வருவதற்குள் ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீர் வீணாகும். பால்கனியில் நிற்கும் ஹீட் பம்புக்குச் சங்கக் கூட்டத்தின் அனுமதி தேவையில்லை. காற்றோட்டமும், சொட்டும் நீருக்கு ஒரு வடிகாலும், விசிறிச் சத்தத்தைப் பொறுக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தால் போதும்.

மாடிக்கு இப்போது புதுப் போட்டியாளர் வேறு. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் மின்தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம். இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. நல்ல மின்தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். அதை ஹீட் பம்புக்குக் கொடுத்தால் மூன்று மடங்கு வெப்பமாகும். ஆக வெயிலில் 60 சதவீதம் வெந்நீராகிறது. வெந்நீருக்கென்றே செய்த சூரியத் தகடும் ஏறக்குறைய அதையேதான் தருகிறது! வெந்நீர் வேண்டாத கோடையில் மின்தகடு ஏசியை ஓட்டும்; வெந்நீர்த் தகடு கொதித்துக்கொண்டு சும்மா கிடக்கும். பெய்லி தொடங்கிய ‘டே அண்ட் நைட்’ பெயர் கைமாறிக் கைமாறி 1955-ல் ஏசி நிறுவனமான கேரியரிடம் சேர்ந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரில் இன்று விற்பவை ஏசிகளும் ஹீட் பம்புகளும்.

ஆகவே, சொந்த மாடியும் தினமும் வெந்நீரில் குளிக்கும் பெரிய குடும்பமும் உள்ளவர்களுக்குச் சோலார் இன்றும் மலிவான வழி. அடுக்ககவாசிக்கும், மாடியில் மின்தகடு போடப் போகிறவருக்கும் ஹீட் பம்ப். மார்கழியிலும் எண்ணெய்க் குளியல் நாளிலும் மட்டும் வெந்நீர் கேட்கும் இருவர் வீட்டுக்குச் சின்ன கீசரே போதும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். வீடு கட்டும்போது செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. பாசடீனாவிலும் மயாமியிலும் வென்ற கருவி இருபது முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எரிபொருள் விலை ஆட்டத்தை மாற்றியது. எனவே மாடியிலிருந்து குளியலறைக்கு வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. குழாய் ஒன்றை இப்போதே இறக்கிவிடுங்கள். யூட்டிலிட்டியில் ஒரு பவர் பாயின்ட்டும் வடிகால் துளையும் விட்டுவையுங்கள். இன்று எதை வாங்கினாலும், அடுத்ததற்காகச் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.